புதிய காதல் நாவல்களும் வாசகர் கருத்தும்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, டவுண், ஜங்ஷன், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று இந்தப் பக்கம் காதல் நாவல் படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. லேசானவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

இப்ப புதுசா வார காதல் நாவல் எல்லாம் எங்கன கெடைக்கும்? கடையில கேட்டா மாத நாவலைத்தான் எடுத்துக் காட்டுதாவ.

மூன்று வழிகளில் வருகின்றன. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கும் மாத நாவல் ஒன்று. கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் தொடர்கதை இன்னொன்று. ‘எபி’, ‘யூடி’ என்று வாசகர்கள் சொல்வது அந்த அத்தியாயங்களைத்தான். மூன்றாவது, முழு நாவலாக வரும் மின்னூலும் அச்சுப் புத்தகமும். அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலில் 2016 கடைசியில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கிய பிறகு, தொடராக முடிந்த கதை மின்னூலாகி அப்புறம் அச்சுக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

கருத்து எழுதும்போது எந்த வடிவில் படித்தீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே கதை மூன்று வடிவிலும் ஒரே மாதிரி இருக்காது. மாத நாவலில் பக்கக் கணக்குக்காகக் கடைசிப் பகுதி ஓட்டமாக ஓடும். தொடரில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலோடு முடியும். அதையே ஒரே மூச்சில் புத்தகமாகப் படித்தால் சலிப்பு தட்டும். குறை கதையிலா வடிவத்திலா என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டும்.

கருத்து எழுதணும்னா கதை பூராவும் சொல்லணுமா?

வேண்டாம். கதையின் முதல் கால்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாற்பது அத்தியாயம் என்றால் முதல் பத்துக்குள் நடப்பதைச் சொல்லலாம். யார், எந்த ஊர், இருவருக்கும் நடுவில் நிற்பது எது: நாலு வரி போதும். கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்பது அநேகமாக அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏன் பிரிந்தார்கள், எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைத்தான் மறைக்க வேண்டும்.

முடிவு சோகமானால் மட்டும் ஒரு விதிவிலக்கு. மனசு சரியில்லாத நேரத்தில் ஆறுதலுக்காகவே காதல் நாவல் எடுக்கிறவர்கள் நிறைய. அவர்களுக்காக ‘முடிவு மனதைக் கனக்க வைக்கும்’ என்று ஒரு வரி போடுங்கள். யார் சாகிறார் என்று சொல்லத் தேவையில்லை.

‘சூப்பர், அருமை, செம’ன்னு போட்டா போதாதாக்கா? எழுதினவுகளுக்குச் சந்தோசமாத்தான இருக்கும்?

எழுதினவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் புத்தகத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இன்னொரு வாசகருக்கு அதில் ஒன்றுமில்லை. கருத்து அவருக்காகத்தான்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண் ஒருத்தி நாயகி என்று வையுங்கள். ‘நாயகி பாத்திரம் அருமை’ என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. ‘இலை வெட்டுவது, நூல் சுற்றுவது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி எண்ணுவது எல்லாம் கதையோடு வருகிறது, காதல் வந்த பிறகும் அவள் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்குவதில்லை’ என்று எழுதினால், படிக்கிறவர் அந்தப் பெண்ணைப் பார்த்துவிடுவார். பிடித்த ஒரு இடம், உறுத்திய ஒரு இடம், இரண்டுக்கும் அத்தியாய எண். மொத்தம் 150 முதல் 250 சொல். இதற்குமேல் நீளமாக எழுதினால் கைபேசியில் பாதியில் விட்டுவிடுவார்கள்.

அஞ்சு ஸ்டாரா மூணு ஸ்டாரா, எப்படி முடிவு பண்ணது?

நமக்கென்று ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டு எல்லா நாவலுக்கும் அதையே பிடிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைப்பேன் என்றால் ஐந்து. மைனிக்கோ சித்திக்கோ படிக்கக் கொடுப்பேன் என்றால் நான்கு. ஒரு தடவை படிக்கலாம் என்றால் மூன்று. முடிப்பதற்கே பாடுபட்டால் இரண்டு. ஒன்றை, படித்தது வீண் என்று உறுதியாகத் தோன்றினால் மட்டும் கொடுங்கள்.

பார்சல் கிழிந்து வந்தது, அட்டை மடங்கியிருந்தது என்பதற்காக நாவலுக்கு ஒரு ஸ்டார் போடுகிறார்கள். அந்தப் புகார் விற்றவரிடம் போக வேண்டியது.

பாதி படிச்சிட்டு முடியாம வச்சிட்டேன். கருத்து சொல்லலாமா, கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம். எந்த அத்தியாயத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று எழுதுங்கள். ‘18ஆவது அத்தியாயம் வரை ஒரே தவறான புரிதல் நீள்கிறது, இருவரும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும்’ என்பது நல்ல கருத்து. முழுதும் படித்ததுபோல் முடிவைப் பற்றிப் பேசுவது மட்டும் கூடாது. ஸ்டாரும் போடாமல் விடுவது நேர்மை.

புது நாவல்னு நெனச்சி வாங்குனா நான் ஏற்கெனவே படிச்ச கதையா இருக்கு. இது ஏமாத்துல்லா?

எப்போதும் ஏமாற்று இல்லை. பழைய தொடரை மறுபடி அத்தியாயம் அத்தியாயமாகப் போடுவதை ‘ரீரன்’ என்பார்கள். அது பெரும்பாலும் சொல்லியே நடக்கும். தலைப்பையும் அட்டையையும் மாற்றி மறுபதிப்பாக வரும்போதுதான் ஏமாந்துபோகிறோம். அச்சுப் புத்தகத்தில் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் விவரப் பக்கத்தைப் பாருங்கள். ‘முதற் பதிப்பு’ என்று எந்த ஆண்டு போட்டிருக்கிறது, ‘இந்தப் பதிப்பு’ என்று வேறு ஆண்டு இருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய தலைப்பை மிகச் சின்ன எழுத்தில் அங்கேதான் குறிப்பிடுவார்கள்.

புத்தகத்தின் அடையாள எண்ணான 13 இலக்க ஐஎஸ்பிஎன்னும் ஒரு தடயம். 2007க்கு முன் அது 10 இலக்கமாக இருந்தது. 10 இலக்க எண் மட்டும் இருந்தால் பழைய புத்தகம். புதிய எண் இருப்பதாலேயே கதை புதிது என்று ஆகாது, புதிய பதிப்புக்கும் புதிய எண் வாங்கலாம். மின்னூலானால் மாதிரிப் பக்கங்களை இலவசமாகப் படித்துவிட்டு வாங்குங்கள். பழைய கதை என்று கண்டுபிடித்தால் பழைய தலைப்பைக் கருத்தில் எழுதுங்கள். அந்த ஒரு வரி பல பேருக்குக் காசு மிச்சம்.

பிடிஎஃப் கேட்டா ஏன் எல்லாரும் கோவப்படுதாவ? படிச்சிட்டு நல்ல கருத்துத்தான போடப் போறேன்?

சந்தா கட்டி மின்னூல்களைப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் எழுத்தாளருக்குப் பணம் வருவது, வாசகர் முதல் தடவை படிக்கும் பக்கங்களின் கணக்கில். பிடிஎஃப்பில் எத்தனை ஆயிரம் பேர் படித்தாலும் அந்தக் கணக்கில் ஒரு பக்கமும் ஏறாது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி அனுமதியில்லாமல் பிரதி எடுத்துப் பரப்புவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கிறது. நல்ல கருத்து அந்தப் பக்கங்களை ஈடுகட்டாது.

கருத்தில் நாவலின் சில வரிகளை எடுத்துக் காட்டுவது வேறு. விமர்சனத்துக்காக நியாயமான அளவு மேற்கோள் காட்ட அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. இத்தனை வரி என்று கணக்கு எதுவும் இல்லை. இரண்டு மூன்று வரி எடுப்பது முறை. முழு அத்தியாயத்தையும் படமெடுத்துப் போடுவது முறை கிடையாது.

எழுத்துப் பிழையைச் சொன்னா மனசு சங்கடப்படுவாவளோ?

பொதுவாக ‘நிறையப் பிழை’ என்று எழுதினால் சங்கடப்படுவார்கள். இடத்தோடு சொன்னால் நன்றி சொல்வார்கள். மின்னூலை எழுத்தாளரே திருத்தி மறுபடி ஏற்றலாம். அச்சில் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். ஆகவே மின்னூல் பிழைகளைத் தனிச் செய்தியாக அனுப்புவது இன்னும் நல்லது.

கருத்தில் சொல்ல வேண்டியவை தொடர்ச்சிப் பிழைகள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே பிள்ளையாக இருந்த நாயகனுக்கு முப்பதாம் அத்தியாயத்தில் தங்கை வருவது, கர்ப்ப மாதம் கணக்குத் தப்புவது, அத்தை பெயர் நடுவில் மாறுவது எல்லாம் தொடராக எழுதியதைச் சேர்த்துப் படித்துச் சரிபார்க்காமல் விட்டதால் வருபவை. நாயகி மயங்கி விழுந்ததும் நாடி பிடித்துப் பார்த்து மூன்று மாதம் என்று டாக்டர் சொல்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆறு மாசம் ஒப்பந்தக் கல்யாணம், அப்புறம் டைவர்ஸ்னு நாலு நாவல் படிச்சாச்சு. அப்படி நெசமாவே பண்ண முடியுமா?

முடியாது. இந்து திருமணச் சட்டம் 1955இன் 14ஆம் பிரிவுப்படி, கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்து மனுவே போட முடியாது. மிகக் கடுமையான துன்பம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் மட்டும் விலக்கு. இருவரும் சம்மதித்துப் பிரிவதானாலும் 13பி பிரிவின்படி ஒரு வருடம் தனித்தனியே வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருப்பு உண்டு. அந்த ஆறு மாதத்தைத் தக்க காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. ஒரு வருடம் என்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

‘ரிஜிஸ்டர் ஆபீசில் பத்து நிமிஷக் கல்யாணம்’ என்பதும் இதே மாதிரி. சிறப்புத் திருமணச் சட்டம் 1954இன் கீழ் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டு வந்து பதிவு செய்யலாம், அது நடந்த கல்யாணத்துக்கான பதிவு.

இதைக் கருத்தில் சொல்லலாமா என்றால், கதை அந்த ஒப்பந்தத்தின் மேலேயே நின்றால் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை ஒரு வருடம் என்று வைத்து, இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனியாக வாழ்ந்ததாகக் காட்டப் பாடுபடும் ஒரு நாவல், ஆறு மாத நாவலைவிட நூறு மடங்கு சுவையாக வரும். சட்டம் தெரிந்தால் கதைக்கு இன்னொரு முடிச்சு கிடைக்கிறது.

கதை திருநெல்வேலியில நடக்குங்காவ. ஆனா படிச்சா நம்ம ஊரு மாதிரியே இல்லியே?

இந்தப் பக்கத்து வாசகர்கள் மட்டும் கொடுக்கக்கூடிய கருத்து இது, அதனால் தயங்காமல் விரிவாக எழுதுங்கள். அடிக்கடி வரும் தவறுகள் சில. நாயகன் லண்டனிலிருந்து வந்து ‘திருநெல்வேலி ஏர்போர்ட்டில்’ இறங்குவான். இங்கே விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது தூத்துக்குடிக்கான வாகைக்குளம். கதையில் சென்னையிலிருந்து ரயிலில் மதியம் கிளம்பிச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்துவிடுவார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத்தே எட்டு மணி நேரத்தை ஒட்டி எடுக்கிறது. கதையில் சித்திரை வெயிலிலும் குற்றாலத்தில் அருவி கொட்டும். அங்கே சாரல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவக்காற்றோடு வருவது. 2019 நவம்பர் 22க்குப் பிறகு குற்றாலம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது என்பதையும் இப்போது நடப்பதாக எழுதும் கதைகள் மறக்கின்றன.

‘மாஞ்சோலை எஸ்டேட் முதலாளி’ நாயகனாக வருவது இன்னொன்று. அந்தத் தோட்டம் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் ஒரு கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்ட காட்டு நிலம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பது. தாத்தா வாங்கிப் போட்ட எஸ்டேட் என்று யாருக்கும் அங்கே இருக்க முடியாது. கதாசிரியர் மலையூருக்கு ஒரு கற்பனைப் பெயர் வைத்திருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

பேச்சில்தான் கூடுதல் தவறு. ‘ஏலே’ என்று ஒரு சொல்லை எல்லார் வாயிலும் போட்டுவிட்டால் நெல்லைத் தமிழ் ஆகாது. வயதில் சின்னவனையும் கூட்டாளியையும்தான் ‘ஏல’ என்பார்கள், பெண்ணை ‘ஏளா’, ‘ஏட்டி’ என்பார்கள், மதிக்கத்தக்கவர் ‘அண்ணாச்சி’. மருமகள் மாமனாரை ‘ஏலே’ என்று கூப்பிடும் நாவலும் இருக்கிறது. ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’ மதுரைப் பேச்சு. இங்கே ‘வந்தாவ, போனாவ’. நிகழ்காலத்தில் ‘செய்யுதான், சொல்லுதா, படிக்கேன்’ என்று வரும். அண்ணன் மனைவி ‘மைனி’. இரண்டு சொல் சரியாக விழுந்திருந்தாலும் அதையும் பாராட்டி எழுதுங்கள். அடுத்த நாவலில் நாலு சொல் சரியாக விழும்.

வீட்டுல பிள்ளைய இருக்கு. அந்த மாதிரி காட்சி இருக்கா இல்லியான்னு கருத்துல எப்படிச் சொல்லது?

முகம் சுளிக்காமல், மறைக்காமல் ஒரே வரியில் சொல்லலாம். ‘கணவன் மனைவி நெருக்கம் இலைமறை காயாக வருகிறது’, ‘விரிவான படுக்கையறைக் காட்சிகள் உண்டு, பெரியவர்களுக்கு மட்டும்’ என்ற இரண்டு வகையில் அநேகமாக எல்லாம் அடங்கிவிடும். வன்முறை, கருச்சிதைவு, தற்கொலை வந்தால் அதையும் சொல்லுங்கள். அப்படிக் காட்சி இருப்பதாலேயே நாவலை மட்டம் தட்ட வேண்டியதில்லை. கல்யாணமான பெண்கள் அதை விரும்பிப் படிப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

ஹீரோ கட்டாயத் தாலி கட்டுதான், அடிக்கான், ஏசுதான். கடைசியில ‘உன் மேல உள்ள பாசத்துல’ங்கான், அவளும் மன்னிச்சிடுதா. ஆயிரம் பேரு ‘ஆன்ட்டி ஹீரோ செம’ங்காவ. எனக்கு மட்டும் ஏன் வயிறு எரியுது?

உங்களுக்கு மட்டும் இல்லை, இதே கேள்வி நிறையப் பேரிடமிருந்து வருகிறது. முதலில் நடப்பு என்ன என்று தெரிந்துகொள்வோம். பலவந்தத்தால் சம்மதம் வாங்கி நடந்த கல்யாணத்தை இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம். பலவந்தம் நீங்கி ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். வீட்டுக்குள் அடிப்பதும் கேவலமாக ஏசுவதும் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வருகின்றன. ‘கழுத்துல தாலி ஏறிட்டு, இனி ஒண்ணும் பண்ண முடியாது’ என்று நாயகி நினைக்கலாம். நாவலும் அப்படியே நினைக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதைக் கண்டுபிடிக்கச் சில இடங்களைக் கவனித்தால் போதும். மன்னிப்பு யார் கேட்கிறார், எத்தனையாவது அத்தியாயத்தில்? அவன் செய்ததற்கு வேலையோ உறவோ மரியாதையோ எதையாவது இழந்தானா? அவளுக்கு வெளியே போக வழி இருந்தும் தங்கினாளா, போக்கிடம் இல்லாமல் தங்கினாளா? அடித்த காட்சியை எழுத்து ரசித்து எழுதுகிறதா, அவள் உடம்பின் பக்கம் நின்று எழுதுகிறதா? 45 அத்தியாயம் கொடுமையும் கடைசி இரண்டு அத்தியாயத்தில் அழுகையும் என்றால், அந்த எண்ணிக்கையையே கருத்தில் எழுதுங்கள். அதைவிட வலுவான விமர்சனம் கிடையாது.

இந்த வகையை விரும்பிப் படிக்கிறவர்களை ஏச வேண்டாம். கோபக்காரன் தனக்கு மட்டும் அடங்குவான் என்ற கற்பனை பழையது, பலருக்கு அது கற்பனையாக மட்டும்தான் வேண்டும். நாவல் அதை வாழ்க்கைக்கு வழியாகக் காட்டினால், அப்போது கேள்வி கேட்பது சரி.

எழுதினவுக எங்க தெருக்காரவுக. புக்கு சும்மா குடுத்துட்டு அஞ்சு ஸ்டார் போடச் சொல்லுதாவ. என்ன செய்ய?

புத்தகத்தை வாங்கிக்கொள்ளலாம், ஸ்டாருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. அமேசானில் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் கருத்துப் போடுவதற்கே தடை, கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். இணையக் கருத்துகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டதே, கூலிக்கு எழுதும் கருத்துகள் பெருகியதால்தான். வேறு இடத்தில் எழுதினால் ‘ஆசிரியர் எனக்குத் தெரிந்தவர், பிரதி அவர் கொடுத்தது’ என்று முதலிலேயே சொல்லுங்கள். அவரிடம், ‘அண்ணாச்சி, நெறைய பேரு பாக்குத இடத்துல போட மாட்டேன், உங்கட்ட நேர்ல பூராவும் சொல்லுதேன்’ என்றால் உறவும் கெடாது, அவருக்கும் ஐந்து ஸ்டாரைவிடப் பயனாக இருக்கும்.

பிடிக்கலன்னு எழுதினேன். அவுக ரசிகர்கள் நூறு பேரு சண்டைக்கு வந்துட்டாவ. அழிச்சிரட்டுமா?

எழுதியதை மறுபடி படியுங்கள். எழுத்தாளரின் குடும்பம், தோற்றம், படிப்பு பற்றி ஒரு சொல் இருந்தால் அதை அழித்து மன்னிப்புக் கேளுங்கள். எல்லாமே நாவலைப் பற்றியது, அத்தியாய எண்ணோடு இருக்கிறது என்றால் அப்படியே இருக்கட்டும். ஒருமுறை பதில் சொல்லலாம். இரண்டாம் முறை வேண்டாம்.

ஒருத்தரு ‘காவியம்’ங்காரு, இன்னொருத்தரு ‘குப்பை’ங்காரு. யாரை நம்பி வாங்க?

மூன்று ஸ்டார் கருத்துகளை முதலில் படியுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். கருத்தின் தேதியையும் பாருங்கள். வெளியான அன்றே குவிந்த ஐந்து ஸ்டார்கள் அநேகமாகத் தொடர் நடந்தபோதே கூட வந்த வாசகர்களுடையவை. முதல் பதிலில் சொன்னபடி அவர்கள் படித்தது வேறு வடிவம். நீங்கள் ஏற்கெனவே படித்த ஒரு நாவலைப் பற்றி ஒருவர் என்ன எழுதினார் என்று தேடி, உங்கள் ருசியோடு ஒத்துப்போனால் அவரைப் பின்தொடருங்கள். அப்படி இரண்டு பேர் கிடைத்தால் போதும்.

நாவல்ல ‘பெரிய வீடு’, ‘வம்சம்’, ‘அந்தஸ்து’ன்னு சாதியைச் சொல்லாமலே சொல்லுதாவ. அதைக் கருத்துல எழுதலாமா, வம்பா போயிருமா?

எழுத வேண்டியதுதான். காதலுக்காக வெட்டு விழுந்த மாவட்டம் இது. இங்கே நடக்கும் காதல் கதையில் ‘அந்தஸ்து’ என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் மூடிவிட்டால் வாசகருக்கு அது தெரியத்தான் செய்யும். எழுத்தாளரின் சாதியை ஊகித்து எழுதுவதும், எந்தச் சாதியின் பெயரையும் வசவாகப் பயன்படுத்துவதும் மட்டும் வேண்டாம். புத்தகத்துக்குள் இருப்பதைச் சொல்லுங்கள். அருவாள் எடுக்கும் மாமனை நாவல் பெருமையாகப் பார்க்கிறதா? பெண்ணின் அப்பா கடைசியில் சம்மதிப்பது மனம் மாறியா, பையன் ‘உண்மையில் நம்ம ஆளுகதான்’ என்று தெரியவந்ததாலா? இந்த இரண்டாவது திருப்பம் மறுபடி மறுபடி வருகிறது. முடிவை உடைக்காமல் ‘கடைசித் திருப்பம் காதலின் தைரியத்தைப் பறித்துவிடுகிறது’ என்று சொல்லலாம்.

ஓடிப்போகும் ஜோடி எப்போதும் நண்பன் வீட்டு மாடியில்தான் ஒளிகிறது. இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உத்தரவிட்டது, பாதுகாப்பான தங்குமிடம் அமைப்பதையும் பரிசீலிக்கச் சொன்னது. ஒரு நாயகியாவது எஸ்.பி. ஆபீஸ் வாசலில் போய் நின்றால் அதைக் கருத்தில் தனியாகக் குறித்து எழுதுங்கள்.